ஒயின் ஆலைச் சுற்றுலா: வழிகாட்டிக்கு முன்பணம் அனுப்பும் முன்

கேள்வி: விடுமுறையில் நானும் என் கணவரும் ஒயின் ஆலைகள் நிறைந்த ஒரு பகுதியில் மூன்று நாள் தங்கவிருக்கிறோம். நான் குடிப்பதில்லை, ஆனால் பழக்கமில்லாத சாலையில் வண்டி ஓட்டத் தயக்கமாக இருக்கிறது. இணையத்தில் கிடைத்த தனி வழிகாட்டி ஒருவர், ஒரே நாளில் ஆறு ஆலைகளைக் காட்டுவதாகவும், எல்லாச் செலவும் கட்டணத்தில் அடக்கம் என்றும், முழுத் தொகையையும் இப்போதே அனுப்ப வேண்டும் என்றும் சொல்கிறார். அவரை நம்பலாமா?

பதில்: ஆறு ஆலைகள் என்று படித்தவுடனேயே அவரைப் பற்றிப் பாதி தெரிந்துவிட்டது. ஒழுங்காக நடத்தப்படும் ஓர் ஆலையில் தோட்டத்தையும் நிலவறையையும் பார்த்துவிட்டு நான்கைந்து ஒயின்களைச் சுவைத்து முடிக்க ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பயண நேரத்தையும் மதிய உணவையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு மூன்று ஆலைகளே அதிகம். இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு கோப்பைக்கு 40 மில்லி வீதம் ஐந்து ஒயின்கள் ஊற்றினால் ஓர் ஆலைக்கு 200 மில்லி ஆகிறது. ஆறு ஆலைகளுக்கு 1,200 மில்லி, அதாவது 750 மில்லி பாட்டிலில் ஒன்றரைக்கும் மேல். சுவைத்த ஒயினைத் துப்புவதற்கென்று மேசையில் வாளி வைத்திருப்பார்கள், அதைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றாலும், முதல் முறை செல்பவர்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதேயில்லை. நான்காவது ஆலையில் நிற்கும்போது உங்கள் கணவருக்கு நாக்கில் எந்த வேறுபாடும் தெரியாது. வழிகாட்டிக்கு வேண்டியதும் அந்த நிலைதான், ஏனென்றால் பெட்டி பெட்டியாக வாங்கத் துணிவது அப்போதுதான்.

நான் அடிக்கடி எச்சரிக்கும் விஷயத்துக்கே இது கொண்டுவந்து விடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன், வழிகாட்டி ஒருவர் அழைத்துச் சென்ற சிறிய ஆலையில் ஆறு பாட்டில் வாங்கிவிட்டுப் பணம் செலுத்த நின்றிருந்தேன். கல்லாவில் இருந்த பெண் எனக்கு ரசீது கொடுப்பதற்கு முன்பே ஒரு நீள நோட்டை எடுத்து, வழிகாட்டியின் பெயருக்கு நேரே "6" என்று எழுதினார். கமிஷன் வாங்குவது எல்லா இடத்திலும் குற்றமில்லை, ஆனால் அது உங்களுக்குச் சொல்லப்பட வேண்டும். ஆகவே அவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "நாங்கள் வாங்கும் பாட்டிலுக்கு ஆலை உங்களுக்குப் பணம் தருகிறதா?" ஒளிவு மறைவில்லாதவர் ஒரே வரியில் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடுவார், சுற்றி வளைத்துப் பேசுபவரை விட்டுவிடுங்கள்.

முன்பதிவுதான் அடுத்தது. வாசலில் போய் நின்றால் உள்ளே விடுவார்கள் என்று எண்ண வேண்டாம். கலிஃபோர்னியாவின் நாபா பகுதியில் 1990-இல் வந்த உள்ளாட்சிச் சட்டப்படி, அதன்பின் தொடங்கப்பட்ட ஆலைகள் பொதுவாக முன்பதிவு செய்தவர்களையே அனுமதிக்க முடியும். பிரான்சின் போர்தோவிலோ பெயர்பெற்ற பல தோட்டங்கள் வார இறுதியில் கதவையே திறப்பதில்லை. வட அரைக்கோளத்தில் ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபர் வரையிலும், தென் அரைக்கோளத்தில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரையிலும் அறுவடை நடக்கும். அந்த வாரங்களில் விருந்தினரைக் கவனிக்க ஆளிருக்காது. ஆகையால் பணம் அனுப்புவதற்கு முன், ஆலையிலிருந்தே வந்த உறுதிக் கடிதம் உங்கள் பெயரில், தேதி, நேரம், நபர் எண்ணிக்கை, சுவைப்புக் கட்டணம் ஆகிய எல்லாவற்றுடனும் உங்கள் கைக்கு வர வேண்டும். "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற பதிலை உறுதிக் கடிதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் தொகையை வாங்கி, வேறொரு உள்ளூர் ஓட்டுநரிடம் பாதி விலைக்கு வேலையைக் கைமாற்றிவிடும் இடைத்தரகர்கள் எழுதும் வாசகம் அது.

உரிமம் என்று வந்தால் அரசுகள் செய்து வைத்திருக்கும் குழப்பம் எரிச்சலூட்டுகிறது. பல இடங்களில் வழிகாட்டும் உரிமத்தை ஓர் அலுவலகமும், பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்லும் உரிமத்தை இன்னோர் அலுவலகமும் தருகின்றன. ஒன்று தந்ததை மற்றொன்று சரிபார்ப்பதில்லை, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு வெளியூரிலிருந்து வரும் உங்கள் தலையில் விழுகிறது. இத்தாலியில் சுற்றுலா வழிகாட்டிக்குத் தனி அனுமதி, ஓட்டுநருடன் வாடகைக்கு விடப்படும் வண்டிக்குத் தனி அனுமதி. கலிஃபோர்னியாவில் அத்தகைய வண்டிக்கு மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையம் தரும் எண் வண்டியின் மீதே எழுதப்பட்டிருக்க வேண்டும். சிலர் லண்டனில் 1969-இல் தொடங்கப்பட்ட டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற ஒயின் கல்வி அமைப்பின் சான்றிதழைக் காட்டி வாயடைத்துவிடுவார்கள். அது ஒயின் அறிவுக்கான சான்று, உங்களை வண்டியில் ஏற்றிச் செல்லும் தகுதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வண்டி உரிமத்தின் எண்ணையும், பயணிகளுக்கான காப்பீட்டுச் சான்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களுக்கு அது பொருந்தக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் வாடகைக்கு எடுத்த காரையே ஓட்ட ஓர் ஓட்டுநரை மட்டும் மணிக்கணக்கில் அமர்த்தும் வழக்கம் சில பகுதிகளில் இருக்கிறது. வண்டி அவருடையது இல்லை என்பதால் செலவு கணிசமாகக் குறையும், ஆலைகளையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் ஓட்டுநராகப் பெயர் இல்லாத ஒருவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், வாடகை நிறுவனம் காப்பீட்டை மறுத்து முழுச் சேதத்தையும் உங்கள் மீது சுமத்தலாம். கூடுதல் ஓட்டுநராகப் பதிய அவரே உரிமத்துடன் வாடகை அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டியிருக்கும். அவர் வருவாரா என்று முன்பே கேளுங்கள். சம்பளத்துக்கு ஓட்டுபவரைப் பதியவே மாட்டோம் என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. தொலைபேசியில் "பிரச்சினை இல்லை" என்று சொன்னதை எந்தக் காப்பீட்டு நிறுவனமும் ஏற்காது, எழுத்தில் வாங்குங்கள். நடுவழியில் அவருக்குப் பதில் வேறொருவர் வந்தால் அந்தப் பதிவு செல்லாது என்பதையும் மறக்க வேண்டாம்.

பணத்தைப் பொறுத்தவரை ஒரு பகுதியை மட்டும் முன்பணமாக, கிரெடிட் கார்டில் செலுத்துங்கள். வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பிய தொகையைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம். "எல்லாம் அடக்கம்" என்ற சொல்லில் சுவைப்புக் கட்டணமும் உணவும் சேருமா, நேரக் கணக்கு உங்கள் விடுதி வாசலில் தொடங்குகிறதா அல்லது அவர் வீட்டிலிருந்து வண்டி கிளம்பும்போதே தொடங்குகிறதா என்று கேளுங்கள்.

அந்த மனிதருக்கு இன்றே மூன்று கேள்விகளை மட்டும் அனுப்புங்கள்: ஆறை மூன்றாகக் குறைத்தால் எந்த மூன்று ஆலைகள், அவற்றின் உறுதிக் கடிதங்கள் எப்போது வரும், வண்டி உரிம எண் என்ன. இரண்டு நாளில் தெளிவான பதில் வராவிட்டால், நீங்கள் பார்க்க விரும்பும் ஓர் ஆலையின் விருந்தினர் பிரிவுக்கு நேரடியாக எழுதி, தங்களிடம் வாடிக்கையாக வந்துபோகும் ஓட்டுநர்களின் பெயர்களைக் கேளுங்கள்.