'அது வேறு விஷயம்' என்கிறீர்களே!

கடிதம்

அன்புள்ள மேடம்,

சென்னையில் முழுநேர பிஎச்.டி. செய்கிறேன். வேதியியல். 2020 டிசம்பரில் பதிவு செய்தேன். என் பிரச்சினையே என் கைடுதான். மூன்றாவது சாப்டரை வாங்கி மேசையில் வைத்தவர், இன்றுவரை ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ்ரே மூலம் பொருளின் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) எடுக்க எனக்கு ஒதுக்கிய நேரத்தை ஜூனியருக்குக் கொடுத்துவிட்டார். கைடுடைய புராஜெக்ட் பில், கொட்டேஷன், எம்.எஸ்சி. விடைத்தாள் எல்லாம் மட்டும் என் தலையில்.

இரண்டாவது பேப்பரை ஜர்னலில் திருப்பிவிட்டார்கள். ஒரே கேட்டலிஸ்ட்டை (வினையை வேகப்படுத்தும் பொருளை) கழுவி உலர்த்தி ஐந்து முறையாவது திரும்பப் பயன்படுத்திக் காட்ட வேண்டுமாம். அந்தச் சோதனை தேவையில்லை என்று சொன்னதே கைடுதான்! எஸ்.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகையும் நின்றுவிட்டது. ஆன்லைனில் டியூஷன் எடுத்து ஹாஸ்டல் ஃபீஸ் கட்டுகிறேன். என்னோடு சேர்ந்தவர்கள் வேலைக்கே போய்விட்டார்கள்.

ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது. லேப்டாப்பைத் திறந்தால் ஏதோ ஒரு தலைப்பின் ஃபான்ட்டை மாற்றிவிட்டு மூடிவிடுகிறேன். பொங்கலுக்குப் பிறகு ஊருக்கும் போகவில்லை. தீசிஸ் கொடுத்தாச்சு, வைவா (வாய்மொழித் தேர்வு) தான் பாக்கி என்று அப்பாவிடம் சொல்லியிருப்பதால் போனால் கேள்வி வரும். அவர் 'முனைவர்' என்று போட்டு பயோடேட்டா எழுதி ஜாதகத்தோடு தரகரிடம் கொடுக்கப் போகிறாராம். அது வேறு விஷயம்.

அந்த மூன்றாவது சாப்டரை மட்டும் கைடு படித்துக் கொடுத்திருந்தால் நான் எப்போதோ முடித்திருப்பேன். கைடை மாற்றலாமா? மேலிடத்தில் புகார் கொடுக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கைடைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதிவிட்டு, அப்பாவிடம் சொன்ன பொய்யை நடுவில் செருகி, 'அது வேறு விஷயம்' என்று கடந்துவிட்டீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒரு கேள்வி. மூன்று மணி விழிப்பில், செத்துப்போய்விடலாம் என்ற நினைப்பு வருகிறதா? வந்தால், இதற்கு மேல் படிக்காமல் 14416-க்குப் பேசுங்கள். டெலி மனஸ் என்ற அரசு சேவை, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அந்த நினைப்பு இல்லாவிட்டாலும், தூக்கமின்மையும் படபடப்பும் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். தீசிஸ் முடிந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று தள்ளிப்போடாதீர்கள். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், 26 நாடுகளைச் சேர்ந்த, பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்களான 2,279 பேரிடம் கேட்டபோது 41 சதவீதம் பேருக்கு மிதமானது முதல் கடுமையானது வரையிலான பதற்றம் இருந்தது. தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதால் அந்த எண்ணைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம். அப்படிக் குறைத்தாலும் உங்கள் லேபில் நீங்கள் ஒருத்தி மட்டும் இப்படி இருக்க வாய்ப்பில்லை.

இப்போது அந்தப் பொய்க்கு வருவோம். பொய் சொன்னது பாவம் என்று சொல்ல வரவில்லை. அது உங்களை என்ன செய்துவைத்திருக்கிறது என்று பாருங்கள். கைடு திட்டினால் அம்மாவிடம் போன் போட்டு அழ முடியாது. வீட்டுக் கணக்கில் கைடோடு உங்கள் வேலை முடிந்துவிட்டது. பணமில்லை என்று கேட்க முடியாது. பேப்பர் திரும்பி வந்ததைச் சொல்லவே முடியாது. கொடுத்தாகிவிட்டது என்று சொன்ன தீசிஸை ஒளித்து ஒளித்து எழுத வேண்டியிருக்கிறது. ஃபைலைத் திறந்ததும் கண்முன் வருவது மூன்றாவது சாப்டர் இல்லை, அப்பாவின் முகம். ஃபான்ட்டை மாற்றிவிட்டு ஓடாமல் என்ன செய்வீர்கள்? மனதில் உள்ள எல்லாக் கோபத்துக்கும் போக்கிடம் கைடு ஒருவர்தான் என்றாகிவிட்டது. அதனால்தான் அவர் உங்கள் கண்ணுக்கு இவ்வளவு பெரிய ஆளாகத் தெரிகிறார்.

இந்தப் பொய்க்குக் கெடுவும் உண்டு. தீசிஸ் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மதிப்பீடு, வைவா, முடிவு எல்லாம் முடிய வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதி. நடைமுறையில் இழுத்தடிப்பார்கள்தான்; ஆனால் அப்பா யாரிடமாவது விசாரிக்கத் தொடங்கினால் அந்த ஆறு மாதம்தான் அவர் காதில் விழும். அதற்குள் பயோடேட்டா வெளியே போனால், பொய் உங்கள் வீட்டோடு நிற்காது. முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தை அதை நம்பவைக்கிறீர்கள். இதில் நான் உங்கள் பக்கம் இல்லை. அப்பாவால் தாங்க முடியாது என்று நீங்களாகவே முடிவு செய்துவிட்டீர்கள். அவரிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்ததாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

தரகரிடம் கொடுப்பதற்குள் அப்பாவிடம் பேசுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், அம்மாவைத் தூதுவிட வேண்டாம். "அப்பா, தீசிஸ் இன்னும் கொடுக்கல. கொடுத்தாச்சுன்னு சொன்னது பொய். பயோடேட்டாவுல முனைவர்னு போட வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கைடு, ரிவ்யூவர் எல்லாம் அன்றைக்கு வேண்டாம். சாக்கு போலத்தான் கேட்கும். எப்போது முடியும் என்று அவர் கேட்பார். தேதி சொல்லாதீர்கள். வாய்க்கு வந்த தேதியைச் சொன்னால் அதுதான் அடுத்த பொய். கோபப்படுவார், சில நாள் பேசாமலும் இருக்கலாம். அது உங்களுக்கு வலிக்கும், ஆனால் இப்போதுபோல் தனியாக இருக்க மாட்டீர்கள்.

இனி கைடு. எக்ஸ்.ஆர்.டி. நேரத்தைப் பிடுங்கியதும், பில் வேலையைச் சுமத்துவதும் தவறு, சந்தேகமில்லை. ஆனால் ஆறாவது ஆண்டில் ஆளை மாற்றினால் புதியவர் தலைப்பிலிருந்து கேள்வி கேட்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய டி.சி. (உங்கள் ஆராய்ச்சியைக் கண்காணிக்கும் டாக்டரல் கமிட்டி) மீட்டிங் உங்களுக்குக் கடைசியாக எப்போது நடந்தது? அடுத்ததில் மூன்றாவது சாப்டரை எல்லா உறுப்பினர்களுக்கும் கொடுத்து, திருத்தித் தரும் தேதியை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் பதிவு செய்தபோது அமலில் இருந்த 2016 யு.ஜி.சி. விதிப்படி ஓர் ஆய்வுக் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க உரைகளும் போதும். இரண்டாவது பேப்பர் உங்கள் பல்கலைக்கழக விதியா, கைடின் விருப்பமா என்று ஆராய்ச்சிப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு ஆண்டுக்கு மேல் பெண்களுக்கு இரண்டு ஆண்டு வரை நீட்டிப்பு தர அதே விதியில் இடம் உண்டு. கெடு முடிவதற்குள் விண்ணப்பியுங்கள். முடிந்த பிறகு கேட்டால் பதிவே ரத்தாகிவிடக்கூடும்.