எட்டு வயதுக் குழந்தைக்குத் தத்துவமா?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. ‘நேற்று முடிந்துபோன நேரம் இப்போது எங்கே இருக்கிறது?’ என்கிற மாதிரி கேட்டுத் துளைக்கிறாள். தத்துவம், தர்க்கம் எல்லாம் இப்போதே சொல்லிக்கொடுக்கலாமா? எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேச ஆரம்பித்துவிடுவாளோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: தத்துவவாதிகளின் பெயரெல்லாம் இப்போது வேண்டாம். அவள் கேட்பதே தத்துவம்தான்.

முதலில் கேள்வியைத் தரம் பிரித்துக்கொள்ளுங்கள். நிலா ஏன் தேய்கிறது என்று கேட்டால் புத்தகத்தில் தேடிச் சொல்லிவிடலாம். நேற்றைய நேரம் எங்கே என்பதற்கு அப்படி முடிந்த பதில் கிடையாது. அங்கே ‘உனக்கு என்ன தோன்றுகிறது?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கஷ்டம்தான். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் குழந்தைகளின் பதில்கள் நீண்டன, காரணமும் சேர்ந்து வந்தது.

பதில் வந்ததும் பாராட்டி முடித்துவிடாதீர்கள், அதற்குப் பொருந்தாத ஓர் உதாரணத்தைக் கொடுங்கள். ‘நியாயம் என்றால் எல்லோருக்கும் ஒரே அளவு’ என்கிறாளா? ‘சரி, கண் தெரியாதவருக்கும் அதே வினாத்தாளைக் கொடுத்தால் நியாயமா?’ அவள் யோசித்துத் தன் விளக்கத்தைத் திருத்துவாள். விமர்சனச் சிந்தனை என்று பெரிதாகச் சொல்வதில் பாதி இந்தத் திருத்தம்தான்.

கல்லூரியில் தர்க்கம் கற்பித்த மேத்யூ லிப்மன், அந்த வயது ரொம்பத் தாமதம் என்று நினைத்துத்தான் குழந்தைகளுக்கான தத்துவக் கல்வியைத் தொடங்கினார். 1974-இல் அதற்கென ஒரு நிறுவனமே உருவானது. அவர் முறையில் எல்லோரும் ஒரு கதையை வாசிப்பார்கள். எதைப் பேசுவது என்பது குழந்தைகளின் கேள்விகளிலிருந்துதான் வரும். வீட்டிலும் தலைப்பை அவளே எடுக்கட்டும்.

எதிர்த்துப் பேசும் பயத்துக்கு ஒரு விதி போதும்: மறுப்பதற்கு முன், எதிராளி சொன்னதை அவரே ‘ஆமாம், அதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். இது உங்களுக்கும் சேர்த்துத்தான்! பல் தேய்ப்பது, தூங்கப்போவது போன்றவற்றுக்குக் காரணம் சொல்லுங்கள், ஆனால் பேரம் கிடையாது.

மதிப்பெண் கூடுமா என்றும் சிலர் கேட்பார்கள். இந்தத் தத்துவக் கல்வியைப் பற்றி இங்கிலாந்தில் 48 பள்ளிகளில் நடந்து 2015-இல் வெளியான மதிப்பீடு, வாசிப்பிலும் கணக்கிலும் சிறு முன்னேற்றம் இருப்பதாகச் சொன்னது. பின்னர் நடந்த பெரிய சோதனையில் வாசிப்பில் அந்தப் பலன் தெரியவில்லை. மதிப்பெண்தான் நோக்கம் என்றால், அந்த நேரத்தில் பாடத்தையே படிக்க வைக்கலாம்.