இரண்டு பேருக்கும் சுகர், மறதி எனக்கு மட்டும் ஏன்?

கேள்வி: கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறோம். எனக்கு 54 வயது, வீட்டுக்காரருக்கு 61. இருவருக்கும் சுகர், பிரஷர். அவருக்குத்தான் முதலில் வந்தது. ஆனாலும் பழைய நிலக்கணக்கைக்கூட மறக்காமல் சொல்கிறார். எனக்கோ காலையில் சொசைட்டியில் எத்தனை லிட்டர் பால் ஊற்றினேன் என்பது மதியம் ஞாபகம் இருப்பதில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு வயிறும் போட்டுவிட்டது. என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்தது. எனக்கும் அதுதானா?

பதில்: இதை மட்டும் வைத்து மறதி நோய் என்று சொல்ல முடியாதம்மா. பால் எத்தனை லிட்டர் என்பது யாருக்கும் மறக்கக்கூடிய விஷயம். கறந்த மாட்டையே மறுபடி கறக்கப் போவது, பழகிய வழியில் வீடு திரும்பத் தெரியாமல் நிற்பது, தினமும் செய்யும் சமையலில் அடுத்து என்ன என்று தடுமாறுவது, இவைதான் கவலைக்குரியவை. மாதவிலக்கு நிற்கும் காலத்தில் தூக்கம் கெட்டு, கவனம் சிதறி மறதி வருவது சகஜம். பலருக்கு அது தானாகவே குறைந்துவிடும்.

ஆனால் அவரையும் உங்களையும் ஒப்பிட்டுக் கேட்டது மிகச் சரியான கேள்வி. சர்க்கரை, மறதி நோய் வரும் வாய்ப்பை இருபாலருக்கும் கூட்டுகிறது. எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம். சுமார் 23 லட்சம் பேரின் தகவல்களைச் சேர்த்து 2016இல் வெளியான ஆய்வில், மூளையின் ரத்தக்குழாய்கள் கெட்டு வரும் மறதி நோய்க்கான வாய்ப்பு, சர்க்கரை இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், சர்க்கரை உள்ள ஆண்களுக்குச் சுமார் 1.7 மடங்கு, பெண்களுக்கு 2.3 மடங்கு என்று தெரிந்தது. மற்ற வகை மறதி நோய்களில் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 1.5 மடங்கு. ஆக, வீட்டுக்காரரும் பயமில்லை என்று இருந்துவிட முடியாது. பீடியும் கள்ளும் இருந்தால் இன்னும் மோசம்.

பெண்களுக்கு ஏன் கூடுதல்? மாதவிலக்கு இருக்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ரத்தக்குழாய்களுக்கு ஓரளவு பாதுகாப்பாக இருக்கிறது. அது குறைந்ததும் கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு மாறுகிறது, கெட்ட கொலஸ்ட்ரால் ஏறுகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது. நீங்கள் சொன்ன அந்த வயிறு இப்படி வந்ததாக இருக்கலாம். நம் ஊர்ப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஆண்களுக்கு 90. பிள்ளைப்பேற்றின்போது சுகரோ பிரஷரோ வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று எனக்கு மனவருத்தம் தருவது. பல வீடுகளில் வீட்டுக்காரருடைய பரிசோதனைக்குக் கோயம்புத்தூர்வரை போவார்கள். அம்மாவுக்கு மட்டும், 'அதே மாத்திரையைத் தொடரலாம்' என்று விட்டுவிடுவார்கள். உங்கள் பிரஷர், மூன்று மாத சராசரி சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் உங்களுக்கென்று தனியாகப் பாருங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம், அதனாலும் மறதி வரும். பி12, தைராய்டு, ரத்தசோகை மூன்றையும் முதலில் பாருங்கள். இவற்றால் வரும் மறதியைப் பெரும்பாலும் சரிசெய்ய முடியும். மனச்சோர்வும் காது மந்தமும்கூட மறதி போலவே தெரியும்.

மறதிக்காக ஹார்மோன் மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். 65 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் மறதி நோய் குறையவில்லை, கூடியது என்று 2003இல் தெரிந்தது.

ஞாபகப் பரிசோதனை செய்தால் தமிழில் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் எண்ணுவதும் நினைப்பதும் தமிழில் என்றால், மலையாளத்தில் கேட்டால் மதிப்பெண் குறைந்து இல்லாத நோய் இருப்பதுபோலத் தோன்றலாம். தினமும் உங்களோடு இருக்கும் மகளையோ மருமகளையோ கூட்டிப் போங்கள். மாற்றத்தை நம்மைவிட அவர்கள் முதலில் கவனித்திருப்பார்கள்.

மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மாட்டு வேலைக்குப் போகும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சர்க்கரை அடிக்கடி தாழ்ந்துபோவதும் மூளைக்குக் கெடுதல். வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்தால் உடனே சர்க்கரை கலந்த நீரைக் குடித்துவிட்டு, டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.