முர்னாவின் ‘கடைசி மனிதன்’: வாசகர் கேள்விகளும் பதில்களும்

1924 டிசம்பர் 23 அன்று பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ஜெர்மானிய மௌனப்படம் ‘கடைசி மனிதன்’. அதைப் பார்த்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

ஒரு வாசகி: வணக்கம் ஐயா. அட்லாண்டிக் என்னும் பெரிய விடுதியின் வாயில்காவலரைக் கழிவறைப் பணிக்கு மாற்றுகிறார்கள், அவ்வளவுதானே கதை? வேலை போகவில்லையே, இதற்கு இத்தனை அழுகையா?

வேலை போகவில்லை அம்மா, கோட்டு போகிறது. பளபளக்கும் பொத்தான்கள் வைத்த அந்தச் சீருடையோடு அவர் வீடு திரும்பும்போது குடியிருப்பே எழுந்து வணக்கம் வைக்கிறது. அது இல்லாவிட்டால் அவர் ஒரு கிழவர், அவ்வளவே. மேலாளரின் அறையில் கோட்டைக் கழற்றுகிற காட்சியை மறுபடி பாருங்கள். ஒரு பொத்தான் தெறித்துத் தரையில் விழுகிறது. நிமிர்ந்து நின்ற முதுகு அந்த ஒரு காட்சிக்குள் வளைந்துவிடுகிறது. அன்றிரவு வீட்டில் திருமணம். அதற்காக அவர் தம் சொந்தக் கோட்டையே திருட வேண்டியிருக்கிறது. அந்த முதியவராக நடித்த எமில் யானிங்ஸுக்கு அப்போது வயது 40தான்.

ஒரு திரைப்பட மாணவர்: கேமராவுக்கு விடுதலை தந்த படம் என்கிறார்கள். அந்தப் பெருமை இயக்குநர் முர்னாவுக்கா, ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்டுக்கா?

இருவருக்கும் உண்டு. ஆனால் மூன்றாமவரை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம். திரைக்கதையாசிரியர் கார்ல் மாயர், வசனத்தைத் தாங்கும் எழுத்தட்டைகள் இல்லாமலே கதை சொல்லத் துணிந்தவர். மேலாளரின் கடிதம், செய்தித்தாள் போன்று கதைக்குள்ளேயே வரும் எழுத்துகளை விட்டுவிட்டால், படம் முழுவதிலும் ஓர் எழுத்தட்டைதான் இருக்கிறது. சொற்கள் போய்விட்ட பிறகு அவற்றின் வேலையை யாராவது செய்தாக வேண்டும். அதைக் கேமரா எடுத்துக்கொண்டது. ஆகவே இந்த நகரும் கேமரா அலங்காரமன்று, தேவையிலிருந்து பிறந்தது.

படத்தின் தொடக்கத்திலேயே கேமரா மின்தூக்கியில் இறங்கி, மிதிவண்டியில் ஏறி, முன்கூடத்தைக் கடந்து சுழல்கதவு வரை போகிறது. திருமண இரவில் கிழவர் குடித்துத் தள்ளாடும்போது, ஃபிராய்ண்ட் கேமராவைத் தம் மார்பில் கட்டிக்கொண்டு, எடை சமன்பட முதுகில் மின்கலங்களைச் சுமந்து, குடிகாரரைப் போலத் தாமே தள்ளாடி நடந்தார். போதையை வெளியிலிருந்து காட்டாமல், அந்தத் தலைக்குள்ளிருந்தே காட்டிவிட்டார்கள். பெர்லினை அடுத்த பாபெல்ஸ்பெர்க் படப்பிடிப்புத் தளத்தில் ராபர்ட் ஹெர்ல்ட்டும் வால்டர் ரோரிக்கும் அமைத்த அரங்குகள் இந்த நடமாட்டத்துக்கு இடம் கொடுத்தன. இத்தனை சோதனைகளுக்கும் துணை நின்ற தயாரிப்பாளர் எரிக் பாம்மரையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

மற்றொரு வாசகர்: முடிவு எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கழிவறையில் இறந்துபோகும் கோடீசுவரரின் சொத்து கிழவருக்குக் கிடைப்பது நம்பும்படியாகவா இருக்கிறது?

நம்பும்படியாக இல்லை, அதைப் படமே ஒப்புக்கொள்கிறது. நான் குறிப்பிட்ட அந்த ஒற்றை எழுத்தட்டை இங்குதான் வருகிறது. கதை உண்மையில் இங்கே முடிய வேண்டும், நிஜ வாழ்வில் இந்தக் கிழவருக்குச் சாவைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை, ஆனால் ஆசிரியர் இரக்கப்பட்டு ஒரு பின்கதை தருகிறார் என்பது அதன் பொருள். அந்த வரிகளைப் படித்தபின் வரும் விருந்துக் காட்சியில் என்னால் முழு மனத்தோடு மகிழ முடிந்ததில்லை. சுவரோரம் அவர் குனிந்து அமர்ந்திருக்கும் காட்சியே என் வரையில் படத்தின் முடிவு.

ஒரு வாசகி: இவர்கள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள்?

முர்னா ஹாலிவுட் சென்று 1927இல் ‘சன்ரைஸ்’ எடுத்தார். அதன் திரைக்கதையும் மாயருடையதே. 1931 மார்ச்சில் கலிபோர்னியாவில் நடந்த கார் விபத்தில் முர்னா இறந்தபோது அவருக்கு வயது 42. ஃபிராய்ண்ட் அமெரிக்காவில் நிலைபெற்று ‘தி குட் எர்த்’ படத்துக்காக ஆஸ்கர் பெற்றார். சிறந்த நடிகருக்கான முதல் ஆஸ்கர் யானிங்ஸுக்குக் கிடைத்தது. பிறகு அவர் ஜெர்மனிக்குத் திரும்பி நாஜி ஆட்சியின் பிரசாரப் படங்களில் நடித்தார். அந்தக் கறையை அவருடைய நடிப்புத் திறனால் துடைத்துவிட முடியாது என்றே நான் கருதுகிறேன். யூதரான மாயரோ நாட்டைவிட்டு வெளியேறி, 1944இல் லண்டனில் காலமானார்.