புகையை எந்த நேரத்தில் அளந்தார்கள்?

ஆய்வகக் குழுவோடு பல ஆண்டுகள் ஆலைகளின் புகைபோக்கிகளில் ஏறி மாதிரி எடுத்திருக்கிறேன். ராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

மண்டபம் பக்கம் கருவாடு போடும் ஒரு பெண்: எங்கள் தெரு கடலோரம். அதற்கு உள்ளே தள்ளி, சங்காயத்தை (வலையில் விழும் கழிவு மீனை) மீன்தூளாக்கும் ஆலை. இரவானால் குடலைப் பிடுங்கும் நாற்றம். பகலில் வந்து அளந்தவர்கள் எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்கிறார்கள். பொய்யா ஐயா?

பொய்யாக இருக்க வேண்டியதில்லை அம்மா. அவர்கள் அளந்தது ஒன்று, உங்களை வதைப்பது இன்னொன்று. கொதிகலன் புகைபோக்கியில் பெரும்பாலும் அளப்பது தூசித் துகளை. நாற்றமோ மீனை வேகவைத்து உலர்த்தும்போது எழும் ஆவியில் வருகிறது. டிரைமெத்தில் அமைன், ஹைட்ரஜன் சல்பைடு போன்றவை. மிகச் சிறு அளவையும் மூக்கு கண்டுபிடித்துவிடும், ஆனால் துகள் அறிக்கையில் அதற்கு இடமே இல்லை. பகலில் கடற்காற்று அந்த ஆவியை உங்களிடமிருந்து விலக்கி உள்நாட்டுக்குக் கொண்டுபோகிறது. இரவில் தரைக்காற்று திரும்பிக் கடலுக்கு வரும்போது நடுவில் இருப்பது உங்கள் தெரு.

ஒரு நோட்டுப் போடுங்கள். நாள், மணி, அப்போது காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது, வாடையா கச்சானா கொண்டலா என்று எழுதுங்கள். அதோடு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து, மீனை உலர்த்தும் இயந்திரம் ஓடும் இரவு நேரத்தில் ஆய்வு செய்யக் கேளுங்கள். ஆவியைக் குளிர்வித்துவிட்டு, மிஞ்சும் வாயுவைக் கொதிகலன் தீயிலேயே எரிக்க வழி உண்டு. அழுகிய மீனை ஆலைக்குள் விடாமல் இருந்தாலே பாதித் தொல்லை குறையும்.

கீழக்கரை, கல்லூரி மாணவர்: புகைபோக்கிக்குள் எப்படி மாதிரி எடுக்கிறார்கள்?

நல்ல கேள்வி, தம்பி. முதலில் துளை சரியான இடத்தில் இருக்க வேண்டும். கடைசி வளைவிலிருந்து குழாய் விட்டத்தைப் போல 8 மடங்கு மேலே, உச்சிக்கு 2 மடங்கு கீழே என்பது வழக்கமான விதி. வளைவை ஒட்டி எடுத்தால் புகை சுழன்றுகொண்டிருக்கும். அடுத்து, பிட்டாட் குழாயால் புகையின் வேகத்தை அளந்து, அதே வேகத்தில் உறிஞ்ச வேண்டும். மெதுவாக உறிஞ்சினால் கனமான துகள்கள் தம் வேகத்திலேயே உள்ளே பாய்ந்து அளவைக் கூட்டிக் காட்டும். வேகமாக உறிஞ்சினால் குறைத்துக் காட்டும். உறிஞ்சிய தூசி ஒரு வடிகட்டிக் குப்பியில் தங்கும். அதை முன்னும் பின்னும் உலர்த்தி எடைபோட்டால் வித்தியாசமே தூசியின் எடை.

இவ்வளவு துல்லியமும் ஒரே விஷயத்தில் வீணாகிவிடும். ஒருமுறை நாங்கள் மேலே ஏறிய சிறிது நேரத்தில் கீழே விறகு ஊட்டத்தைப் பாதியாக்கிவிட்டார்கள். அறிக்கையில் எண் அழகாக வந்தது. கொதிகலன் எவ்வளவு சுமையில் ஓடியது என்ற கட்டத்தை நிரப்பாமல் கையெழுத்திட்டேன். இன்றும் அது என்னை உறுத்துகிறது. எந்த அறிக்கை கையில் கிடைத்தாலும் முதலில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

தொண்டி, சிறு ஆலை உரிமையாளர்: வெளிக்காற்றைக் கலந்தால் அளவு குறையும் என்கிறார் ஒருவர். செய்யலாமா?

வேண்டாம். சிறு கொதிகலன்களின் தூசி அளவை, புகையில் கரியமில வாயு 12 சதவீதம் இருந்தால் எவ்வளவு வருமோ அதற்கு ஈடாகத் திருத்திக் கணக்கிடுகிறார்கள். காற்றைக் கலந்தால் கரியமில வாயுவும் குறையும், திருத்திய எண் பழைய இடத்துக்கே வந்துவிடும். அந்தப் பணத்தில் ஒரு சைக்ளோன் (புகையைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் கருவி) பொருத்துங்கள், ஈர விறகை நிறுத்துங்கள்.

வாலிநோக்கம், உப்பளத் தொழிலாளி: பக்கத்தில் ஆலையே இல்லை, ஆனால் காற்றில் தூசி அதிகம் என்று கருவி காட்டியதாம்.

கடல் உப்பும் கருவிக்குத் தூசிதான். 10 மைக்ரானுக்குக் குறைந்த துகளுக்கு நாட்டின் தரம் 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். உப்புத் துகளும் அதில் சேர்ந்துவிடும். வடிகட்டித் தாளில் சோடியமும் குளோரைடும் எவ்வளவு என்று சோதித்தால் பிரித்துவிடலாம். ஆலையைக் காப்பாற்ற இதையே சாக்காகச் சொல்பவர்களும் உண்டு. அப்போது ஆலைக்குக் காற்று வரும் பக்கமும் ஆலையைக் கடந்து காற்று போகும் பக்கமும் ஒரே நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள்.

சாயல்குடி, கரிமூட்டம் போடுபவர்: சீமைக் கருவேல மூட்டத்துக்குப் புகைபோக்கியே கிடையாது. எங்களை எப்படி அளப்பார்கள்?

சுற்றுப்புறக் காற்றில்தான் அளக்க முடியும். அளப்பதைவிட உங்கள் உயிர்தான் எனக்குக் கவலை. காற்றுக் குறைவாக எரிவதால் மூட்டத்தில் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் மணமும் கிடையாது. மூட்டத்தைப் பிரிக்கும்போது காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். தலை சுற்றினால் உடனே விலகுங்கள்.

தேவிபட்டினம், ஆசிரியை: ஆலை மீது நடவடிக்கை கேட்க எங்களுக்கு என்ன பிடி இருக்கிறது?

1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம். அதன் 21-ஆம் பிரிவின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை பெற்றே ஆலை இயங்க வேண்டும். அந்த ஆணையில் வரம்புகளும் நிபந்தனைகளும் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். 31ஏ பிரிவின் கீழ் ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் வாரியம் உத்தரவிடலாம். வாரியம் அசையாவிட்டால் சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. வழக்குக்கான காரணம் எழுந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். 26-ஆம் பிரிவின்படி ஆலைக்கு முறையாக அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை முத்திரையிட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்த நடைமுறை தவறினால், எவ்வளவு மோசமான அளவு வந்திருந்தாலும் நீதிமன்றத்தில் அது சான்றாக நிற்காது.