மாத்திரை வேலை செய்யும்போதே வீக்கம் ஏன்?

தொழுநோய்க்கு மாத்திரை தொடங்கி மூன்றாவது மாதம். மங்கலாக இருந்த படை சிவந்து தடித்துவிட்டது. முழங்கையிலும் வலி. நிறுத்திவிடலாமா?

வேண்டாம். நோய் கூடவில்லை. உங்கள் எதிர்ப்புச் சக்திதான் திடீரென்று விழித்துக்கொண்டு, தோலிலும் நரம்பிலும் உள்ள கிருமிகள் மேல் பாய்கிறது. செத்த கிருமியே அதற்குப் போதும். முதல் வகை எதிர்வினை என்போம். படையைவிட எனக்குக் கவலை அந்த முழங்கை வலிதான். அங்கே ஓடும் நரம்பு வீங்கினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்து மடங்கிவிடும். நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோன் கொடுத்து, மாதக்கணக்கில் மெல்லக் குறைப்பார்கள். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அதுபாட்டுக்கு நடக்கட்டும்.

அண்ணனுக்கும் இதே நோய், இதே மாத்திரை. அவருக்கு எதுவும் வரவில்லையே, பரம்பரைக் கோளாறா?

முதலில் நோயின் வகையைப் பார்க்கவேண்டும். கிருமி மிகக் குறைவாக இருப்பது ஒரு துருவம், ஏராளமாக இருப்பது மறு துருவம்; இரண்டுக்கும் நடுவே நிற்கும் வகையில்தான் இது அதிகம். அப்புறம்தான் மரபணு. கிருமியை மோப்பம் பிடிக்கும் டிஎல்ஆர்1 மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தால் அந்த மோப்பம் மந்தமாகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த எதிர்வினை குறைவாக வருவதை நேபாள நோயாளிகளிடம் 2008-இல் கண்டார்கள். வியட்நாமில் கிடைத்தது இன்னும் வேடிக்கை. எல்ஆர்ஆர்கே2 மரபணுவில் பார்க்கின்சன் நோய்க்கு வழிவிடும் ஒரு மாற்றம், இங்கே எதிர்வினையிலிருந்து காக்கிறது! ஒரே மரபணு, ஓரிடத்தில் வில்லன், இன்னோரிடத்தில் காவல்காரன். இவையெல்லாம் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். கூடப்பிறந்தவர்கள் என்றாலும் உங்கள் இருவர் மரபணுக்களில் சராசரியாகப் பாதிதான் பொது.

சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகிறது. இப்போது காய்ச்சலோடு கைகால் முழுக்கச் சிவந்த, வலிக்கிற முடிச்சுகள். நோய் திரும்பிவிட்டதா?

இரண்டாம் வகை எதிர்வினையாக இருக்கலாம். கிருமி ஏராளமாக இருந்தவர்களுக்குச் சிகிச்சை முடிந்த பிறகும் வரும், திரும்பத் திரும்பவும் வரும். கண் சிவந்தாலோ விதை வீங்கினாலோ அதையும் சொல்லுங்கள். தாலிடோமைட் நன்றாகக் கேட்கும். ஆனால் கருவின் கைகாலைச் சிதைக்கும் மருந்து அது. கர்ப்பத்துக்கு வாய்ப்புள்ள பெண்களுக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு.

எதிர்வினை வருமா என்று முன்கூட்டியே மரபணுச் சோதனை செய்யலாமா?

இதற்காகச் செலவழிக்காதீர்கள். கூட்டு மருந்தில் ஒன்றான டாப்சோன் மாத்திரைக்கு வரும் ஒவ்வாமை வேறு கதை: எச்எல்ஏ-பி*13:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து பல மடங்கு என்று சீனாவில் 2013-இல் காட்டினார்கள். டாப்சோன் தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் காய்ச்சல், உடல் முழுக்கத் தடிப்பு, மஞ்சள் காமாலை வந்தால் அதை உடனே நிறுத்திவிட்டு, நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.