கோப்பில் நிற்கும் சுவர் மேசையில் ஏன் கழல்கிறது?

அன்புள்ள ஐயா,

லெகோவில் சொந்தமாக வடிவமைத்த இரண்டு மாடிக் கட்டடத்தின் ஸ்டூடியோ (லெகோ வடிவமைப்பு மென்பொருள்) கோப்பையும் பாகப் பட்டியலையும் எங்கள் குழுவில் எல்லாருக்கும் கொடுத்திருந்தேன். இருவர் பாகங்களை வாங்கிக் கட்டினார்கள். தரைத்தளச் சுவர் நான்கு பிரிக் (லெகோ கட்டி) உயரம். பக்கவாட்டில் ஸ்டட் (அடுத்த பாகத்தைப் பிடிக்கும் குமிழ்) உள்ள 1×1 பிரிக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றில் ஐந்து ஸ்டட் உயர முகப்பைப் பொருத்தியிருந்தேன். முகப்பு தொட்டாலே கழல்கிறது, மேல்மாடி சரியாக உட்காரவில்லை என்று இருவருமே சொல்கிறார்கள். ஒருவருக்குப் பச்சை நிறமே மாறி வந்துவிட்டது. திரையில் எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்தது. நிஜத்தில் கட்டிப் பார்க்கவில்லை. இனி படத்தை மட்டும் போட்டுவிட்டுக் கோப்பைக் கொடுக்காமல் இருந்துவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கோப்பைக் கொடுங்கள். ஒருவர் கண்டுபிடித்த உத்தி இன்னொருவர் கைக்குப் போவது அப்படித்தான். ஆனால் கொடுப்பதற்கு முன், சுமை தாங்கும் பகுதியையாவது நிஜப் பாகங்களில் கட்டிப் பார்த்துவிட வேண்டும். நிறம் எதுவானாலும் பரவாயில்லை, கையில் கிடக்கும் உதிரிகளே போதும். உங்கள் பட்டியலை நம்பி ஒருவர் பணம் போடுகிறார், அதனால் இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

உங்கள் சுவரில் இரண்டு கோளாறுகள். முதலாவது உயரம். ஸ்டட்டுக்கு ஸ்டட் 8 மி.மீ., பிரிக்கின் உயரம் 9.6 மி.மீ., பிளேட் என்ற தட்டைப் பாகத்தின் உயரம் 3.2 மி.மீ. நான்கு பிரிக் சுவர் 38.4 மி.மீ. வரும், ஐந்து ஸ்டட் முகப்பு 40 மி.மீ. ஆக, முகப்பு குறைந்தது 1.6 மி.மீ., அதாவது அரைப் பிளேட் அளவு, மேலே துருத்துகிறது. மேல்மாடியின் அடித்தளம் அதில் முட்டி நிற்கிறது. ஸ்டட்டின் உயரமே ஏறத்தாழ 1.8 மி.மீ.தான். அதில் 1.6 போய்விட்டால் பிடிக்க என்ன இருக்கிறது?

இரண்டாவது, பக்க ஸ்டட் பிரிக்குகளை நேரடியாக அடுக்கியது. அப்படி அடுக்கினால் பக்க ஸ்டட்டுகளுக்கு நடுவே 9.6 மி.மீ. வரும். முகப்புப் பிளேட்டோ 8-இன் மடங்குகளைத்தான் பிடிக்கும். ஆகவே முகப்பு ஒரே ஒரு ஸ்டட்டில் தொங்குகிறது.

ஐந்து பிளேட் உயரமும் இரண்டு ஸ்டட் நீளமும் சரியாக 16 மி.மீ. பக்கவாட்டுக் கட்டுமானம் முழுக்க இந்தச் சமன்பாட்டில்தான் நிற்கிறது. முகப்பை நான்கு ஸ்டட்டாகக் குறையுங்கள். பின்னால் உள்ள தூணை அடியிலிருந்து இப்படி அடுக்குங்கள்: இரண்டு 1×1 பிளேட், ஒரு பக்க ஸ்டட் பிரிக் (பாக எண் 87087), மீண்டும் இரண்டு பிளேட், மீண்டும் ஒரு 87087. இதுவரை 32 மி.மீ. முகப்பின் அடி விளிம்பு தரையோடும் மேல் விளிம்பு தூணின் உச்சியோடும் ஒட்டி நிற்கும். கீழிருந்து இரண்டாவது, நான்காவது கட்டங்களில் பிடிப்பு விழும். அதன்மேல் இரண்டு அடுக்குப் பிளேட்டை முகப்புக்கும் மேலாக நீட்டிப் போட்டால் பழைய நான்கு பிரிக் உயரமே வந்துவிடும், மாடியைத் தொட வேண்டியதில்லை. அடியில் அந்த இரண்டு பிளேட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். 87087-இன் பக்க ஸ்டட் பிரிக்கின் நடுவில் இல்லை, சற்று மேலே இருக்கிறது. பிரிக்கைத் தரையிலேயே வைத்தால் முகப்பு 1.6 மி.மீ. ஏறி, பழைய கோளாறு திரும்பிவிடும். தூண்கள் தனித்தனியே நிற்காமல், இடையில் வரும் பிளேட் அடுக்குகளில் ஒன்றையாவது பக்கத்துச் சுவரோடு சேர்த்து நீளமான பிளேட்டாகப் போடுவது நல்லது.

பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தால் மென்பொருள் காட்டிக்கொடுக்கும். விரல் நுழைய இடமிருக்கிறதா, அழுத்தினால் அடியில் தாங்க ஏதாவது இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மேலும் கீழும் மூடிய இடைவெளிக்குள் ஒரு பிளேட்டைத் திரையில் சும்மா நுழைத்துவிடலாம். மேசையில் அது ஸ்டட்டைத் தாண்டி உள்ளே போகவே போகாது.

பச்சை மாறிப்போனதற்குக் காரணம், லெகோ நிறுவனத்தின் நிறப்பெயர்களும், உதிரிப் பாகங்கள் விற்கும் பிரிக்லிங்க் தளத்தின் பெயர்களும் ஒன்றல்ல என்பது. நிறுவனம் டார்க் கிரீன் என்பதை பிரிக்லிங்க் வெறும் கிரீன் என்கிறது. பிரிக்லிங்கின் டார்க் கிரீன், நிறுவனத்தின் கணக்கில் எர்த் கிரீன். எந்தப் பெயர்முறை என்று பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். சாம்பல் நிறம் இருந்தால் பழையதா புதியதா என்பதும் வேண்டும். 2004 வாக்கில் அது நீலம் கலந்த சாம்பலாக மாறியது, இரண்டும் ஒரே சுவரில் கலந்தால் திட்டுத்திட்டாகத் தெரியும். வெளியே தெரியாத பாகங்களுக்கு ‘எந்த நிறமும்’ என்று போடுங்கள். வாங்குபவர் தன்னிடம் இருப்பதையே போட்டுக்கொள்வார், செலவு கணிசமாகக் குறையும்.

கட்டியவர்களிடம் கோளாறைக் கேட்கும்போது முன்பக்கப் படம் உதவாது. மாடியைக் கழற்றிவிட்டு மேலிருந்து ஒன்று, முகப்பைக் கழற்றிவிட்டுப் பின்புறமிருந்து ஒன்று கேளுங்கள். எந்த ஸ்டட் பிடிக்கவில்லை என்பது அதில் தெரிந்துவிடும்.

திருத்திய கோப்புக்குப் பதிப்பு எண் போட்டு, பழையதை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே கட்டிய இருவருக்கும் முழுப் பட்டியலை மறுபடி அனுப்ப வேண்டாம். தூணுக்கு நான்கு 1×1 பிளேட் கூடுதல், இத்தனை 87087 மிச்சம், மேலே இந்த நீளத்தில் இத்தனை பிளேட் என்று வித்தியாசத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள்.